மறுத்தவர்களின் மார்க்கம்: சென்னையின் தென்புறமும் பூர்வ பௌத்தமும்

சாதியில் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தமிழர்கள் ஆதியில் பௌத்தர்களாக இருந்தவர்கள். சாதியை ஏற்க மறுத்ததனாலேயே தாழ்த்தப்பட்டவர்கள். இந்த நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டு எழுந்த சமய இயக்கமே பூர்வ பௌத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை ராயப்பேட்டையில் அதைத் தொடங்கியவர் சித்த வைத்தியரும் தமிழ்ப் பண்டிதருமான க. அயோத்திதாசர் (1845–1914). கோலார் தங்கவயல், ரங்கூன், டர்பன் வரை அது பரவியது. அது எந்த மக்களுக்காகப் பேசியதோ அவர்களில் பெரும்பகுதியினர் வாழ்ந்த இடங்களில் ஒன்று பழைய செங்கல்பட்டு மாவட்டம். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை, வண்டலூர் என்று இன்று சென்னையின் தென்புறநகராக விரிந்திருக்கும் நிலம் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை என்று பெயர்.

அடுக்குமாடிகள் வருவதற்கு முன்பு இந்தத் தென்புறநகர் ஏரிகளின் நாடு. தாம்பரம், சேலையூர், இரும்புலியூர், பீர்க்கன்கரணை என்று ஊருக்கு ஓர் ஏரி. ஏரிக்குக் கீழே நெல்வயல். வயல் மிராசுதாரர்களுடையது. மிராசு என்பது பயிரிடும் நிலத்தோடு நிற்பதில்லை. ஊரின் தரிசு, மேய்ச்சல், மரம் எல்லாவற்றின் மீதும் ஒரு சில குடும்பங்கள் பரம்பரையாக வைத்திருந்த பாத்தியதை அது. சேற்றில் இறங்கி உழைத்தவர்கள் ஊருக்கு வெளியே சேரியில் குடியிருந்த பறையர்கள். மாவட்டத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அவர்கள். ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன் அப்பனையும் பிள்ளையையும் படியாளாகக் கட்டிப்போட்டது. அடிமை முறை சட்டத்தின் முன் செல்லாது என்று 1843-லேயே ஆகிவிட்டது. ஆனால் குடிசை நின்ற மனைகூட மிராசுதாரருடையது என்பதால், எதிர்த்துப் பேசியவன் அன்றிரவே குடியிருப்பை இழக்கலாம் என்ற நிலை மாறவில்லை.

இந்த நிலையை அரசின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து பாதிரியார் ஆதம் ஆண்ட்ரூ ஒருவர்; மாவட்ட கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் இன்னொருவர். ட்ரெமென்ஹீர் 1891-ல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி விரிவான குறிப்பு ஒன்றை எழுதினார். தரிசு நிலம் கேட்டு இவர்கள் போட்ட மனுக்கள் மிராசுதாரர்களின் முன்னுரிமையால் எப்படித் தட்டிக்கழிக்கப்பட்டன, குடிமனை எப்படி மிரட்டும் கருவியானது என்று அதில் விளக்கினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி வெளியான அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கென நிலம் ஒதுக்க வழி செய்தது. அந்த நிலமே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்டது. மாகாணம் முழுவதிலும் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. நூறாண்டுக்குப் பிறகு, அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

அரசு ஏடுகளில் சேரி மக்கள் இரக்கத்துக்கு உரியவர்களாகத் தெரிகிறார்கள். அதற்கு மேல் இல்லை. அவர்களுடைய வழக்கங்களுக்குள் வேறொரு கதை இருந்தது. பிராமணர் ஒருவர் சேரிக்குள் வந்துவிட்டால், அவர் போன வழியில் சாணி நீர் தெளித்து, சாணிச் சட்டியைப் போட்டு உடைக்கும் பழக்கம் தென்னிந்தியாவின் பல ஊர்களில் இருந்ததை ஆங்கிலேய இனவியல் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. தீட்டு என்பது ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பாய்வது என்றால் இந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லை. தீண்டப்படாதவர்கள் எனப்பட்டவர்கள் தங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். வயல் எல்லைத் தகராறு வந்தால் எல்லையை நடந்து காட்டும் உரிமையும் சேரிப் பெரியவருடையதாக இருந்தது. ஊருக்குள் நுழையக் கூடாதவரின் சொல்லை நம்பித்தான் ஊர் தன் எல்லையை அறிந்துகொண்டது.

இத்தகைய பழக்கங்களை வேடிக்கையாகப் பார்க்காமல் சான்றாகப் பார்த்தவர் அயோத்திதாசர். அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் வைத்தியமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராகச் சூட்டிக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் சமையல் பொறுப்பில் இருந்தவர். குடும்பத்தில் இருந்த திருக்குறள் ஓலைச் சுவடிகளை அந்தத் துரை மூலமாக தமிழறிஞரான எல்லிஸ் துரையிடம் சேர்த்தவர் அவரே என்று பேரன் எழுதிவைத்தார். குறள் முதன்முதலில் அச்சேறியது 1812-ல். ஒரு பட்லரின் வீட்டில் குறள் சுவடி இருந்தது என்பது அயோத்திதாசருக்குப் பெருமைக்குரிய குடும்பக் கதையாக மட்டும் இருக்கவில்லை. படிப்பில்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட குடிகளிடம் சுவடியும் வைத்தியமும் சோதிடமும் எப்படி வந்தன என்ற கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுவதும் பதில் தேடினார்.

இளமையில் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அவர் அத்வைதத்தில் ஈடுபாடு கொண்டு அதற்கென ஒரு சபை நடத்தினார். பிறகு பாதிரியார் ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து 1885-ல் ‘திராவிட பாண்டியன்’ இதழைக் கொண்டுவந்தார். 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். அடுத்த ஆண்டு விக்டோரியா மண்டபத்தில் நடந்த சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாக வந்தார். விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் தம் மக்களை ஏன் விடுவதில்லை என்று அங்கே கேட்டார். தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கென்று மதுரை வீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற சாமிகள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்று பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசப் படிப்பும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று அயோத்திதாசர் திரும்பக் கேட்டார். கோயில் வாசலில் நின்று கெஞ்சும் அரசியல் அவரைப் பொறுத்தவரை அன்றோடு முடிந்தது.

மறுக்கப்பட்ட சாமிக்குப் பதிலாக எதை வைப்பது என்ற கேள்வி அவரை அடையாற்றங்கரைக்குக் கொண்டுவந்தது. அங்கே தலைமையிடம் கொண்டிருந்த பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், பௌத்தத்தைத் தழுவியவர். சேரிப் பிள்ளைகளுக்கென 1894-ல் ஊரூரில் இலவசப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கியிருந்தார். பெசன்ட் நகரில் இன்றும் நடக்கும் ஆல்காட் நினைவுப் பள்ளி அதன் தொடர்ச்சி. அயோத்திதாசரும் அவருடன் இருந்தவர்களும் 1898-ல் ஆல்காட்டைச் சந்தித்து, தாங்கள் பூர்வத்தில் பௌத்தர்கள், அந்த மார்க்கத்துக்குத் திரும்ப உதவ வேண்டும் என்று கேட்டனர். ஆல்காட் அயோத்திதாசரையும் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். வித்யோதய பிரிவேனாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றனர். திரும்பி வந்ததும் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது. உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1898-ல்தான். தமிழரின் பௌத்தம் ஒரு பக்கம் அச்சுக்கும் இன்னொரு பக்கம் வாழ்க்கைக்கும் ஒரே ஆண்டில் திரும்பி வந்தது.

வந்த பௌத்தம் இந்த மண்ணுக்குப் புதியது அல்ல. மணிமேகலைக் காப்பியம் முடிவது காஞ்சியில். ஏழாம் நூற்றாண்டில் அங்கே வந்த சீனப் பயணி யுவான் சுவாங், ஏறக்குறைய நூறு விகாரைகளும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். அதே நூற்றாண்டில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நாடகத்தில் பௌத்த பிக்குவைக் கேலிப் பாத்திரமாக்கியவர் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன். தாம்பரத்துக்கு வடக்கே பல்லாவரம் மலையில் இருக்கும் குடைவரை அவன் வெட்டியது. அவனுடைய பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் அது தர்காவானது. ஒருவரைக் கேலி செய்து நாடகம் எழுத வேண்டுமென்றால் பார்ப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வேண்டும். காஞ்சிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த நாட்டில் பிக்குகள் தெருவில் பார்க்கக்கூடிய ஆட்களாக இருந்தார்கள் என்பதற்கு மன்னனின் நையாண்டியே சாட்சி.

அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை 1907 ஜூன் 19-ல் தொடங்கினார். விலையே பெயரானது. ஒரு வருடம் கழித்து ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. ராயப்பேட்டையில் அச்சான அந்த நான்கு பக்கத் தாள்களில்தான் அவருடைய பெரும்பணி நடந்தது. அரசியல் செய்திகளுக்குப் பக்கத்திலேயே ‘இந்திரர் தேச சரித்திரம்’, புத்தரின் வரலாறான ‘ஆதிவேதம்’, பண்டிகை விளக்கங்கள், நிகண்டு ஆராய்ச்சி, வைத்தியக் குறிப்பு எல்லாம் தொடராக வந்தன. இந்திரன் என்பது ஐம்பொறிகளை வென்ற புத்தரின் பெயர் என்றார். இந்தியா என்பது இந்திரர் தேசம் என்பது அவர் வாதம். சாதி இல்லாத அந்தத் தேசத்துக்குள் வந்து அந்தணர் வேடம் போட்டவர்களை ‘வேஷ பிராமணர்’ என்றார். அறத்தால் உயர்ந்த பௌத்தர்களை ‘யதார்த்த பிராமணர்’ என்றார். வேடத்தை ஊரறியப் பறைந்தவர்கள், அதாவது வெளிப்படையாகச் சொன்னவர்கள், பறையர் என்று பழிக்கப்பட்டார்கள் என்று விளக்கினார். சாணிச் சட்டி உடைப்பதை அந்தப் பழைய பகையின் நினைவு என்று படித்தார்.

பண்டிகைகளை அவர் விளக்கிய விதம் இன்றும் வியப்பளிக்கிறது. தீபாவளியை அசுரன் ஒருவன் கொல்லப்பட்ட நாளாக அவர் ஏற்கவில்லை. பௌத்த மடத்தவர் எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, மக்கள் அதைத் தேய்த்து நதியில் குளித்துப் பயனறிந்த நாள் என்றார். ஆடி மாதத்தில் அம்மனுக்கு வேப்பிலை கட்டி கூழ் ஊற்றும் வழக்கத்துக்கு, அம்மை நோய்க்கு வேப்பிலை கொண்டு மருத்துவம் செய்த அம்பிகை என்ற பௌத்த பிக்குணியின் கதையைச் சொன்னார். திருக்குறளைப் பௌத்த மறையான முப்பிடகத்தின் வழிநூலாகக் கொண்டு ‘திரிக்குறள்’ என்றே எழுதினார். தாம்பரம் வட்டாரத்தில் ஆடிக் கூழ் ஊற்றாத அம்மன் கோயிலைக் காண்பது அரிது. அந்தக் கூழ்ப் பானைக்குப் பின்னால் ஒரு பெண் வைத்தியர் நிற்பதாகப் பார்த்தவர் அவர். யார் அறிவால் நோய் தீர்ந்ததோ, யார் உழைப்பால் எண்ணெய் வந்ததோ, அவர்களை அந்த நாளின் நாயகர்களாக்குவது அவருடைய முறை. இன்றைய மொழியியல் அவருடைய சொல்லாராய்ச்சிகள் பலவற்றை ஏற்காது. ஆனால் வரலாறே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட மக்களுக்கு, கையில் இருந்த பழக்கத்தையும் வாயில் இருந்த சொல்லையும் கொண்டே ஒரு முழு வரலாற்றை எழுதிக் கொடுத்தவர் அவருக்கு முன் தமிழில் இல்லை.

மூதாதையரின் மறுப்பை எப்படிச் சொந்தமாக்கிக்கொள்வது என்பதில் அந்தத் தலைமுறைக்குள்ளேயே ஆழ்ந்த கருத்து வேறுபாடு இருந்தது. மதுராந்தகத்துக்கு அருகில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசருக்கு உறவினர். சீனிவாசன் 1893-ல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். இழிவுபடுத்தச் சொல்லப்படும் பெயரை மறைத்துக்கொண்டு மதிப்புத் தேட முடியாது, அந்தப் பெயரோடுதான் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் உறுதி. அயோத்திதாசர் அந்தப் பெயரையே எதிரி கொடுத்த பெயர் என்று தள்ளினார். சாதி பேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று சொல்லச் சொன்னார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அப்படிப் பதியுமாறு வலியுறுத்தினார். பரங்கிமலையில் 1883-ல் பிறந்த எம்.சி. ராஜா மூன்றாவது வழியில் போனார். சென்னைச் சட்டமன்றத்தில் பஞ்சமர், பறையர் என்ற சொற்களை நீக்கி ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை 1922-ல் அரசு ஏற்கச் செய்தார். சைதாப்பேட்டையில் மாணவர் விடுதி ஒன்று அவர் பெயரில் இருக்கிறது. மூன்று பெயர்களும் சென்னையையும் செங்கல்பட்டையும் சேர்ந்த மூவரிடமிருந்து வந்தவை. இன்று அரசு ஆவணத்தில் ராஜாவின் சொல் நிற்கிறது. சீனிவாசனின் துணிவு பறையிசை மேடைகளில் நிற்கிறது. அயோத்திதாசரின் சொல் நெடுங்காலம் யார் நினைவிலும் இல்லாமல் போனது.

அயோத்திதாசர் 1914 மே 5 அன்று காலமானார். மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். அதன் பிறகு இயக்கத்தைச் சுமந்தது கோலார் தங்கவயல். சுரங்க வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினர்; ஜி. அப்பாதுரையார் 1926-ல் ‘தமிழன்’ இதழை அங்கிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் பி. லட்சுமி நரசு பகுத்தறிவு வழிப்பட்ட பௌத்தத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1907-ல் வந்த அவருடைய பௌத்த சார நூலை 1948-ல் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர். தீண்டப்படாதோர் ஆதியில் பௌத்தர்கள் என்று அம்பேத்கர் தம் நூலில் வாதிட்டதும் அதே ஆண்டில்தான். ராயப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பைசா விலையில் விற்ற தாளில் சொல்லப்பட்ட கருத்தின் சாயல் அது. இருந்தும் திராவிட இயக்க வரலாறுகளும் தேசிய இயக்க வரலாறுகளும் அயோத்திதாசரை ஓரிரு வரிகளில் கடந்துபோயின. இது சாதாரண மறதி அல்ல, அநீதி.

அந்த மௌனத்தை உடைத்தது சேரி வீடுகளில் காப்பாற்றப்பட்ட காகிதம். ‘தமிழன்’ இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்தவர்களில் முக்கியமானவர் அன்பு பொன்னோவியம். ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளாக 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டது. மூன்றாம் தொகுதி 2003-ல் வந்தது. ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம், டி. தருமராஜ் ஆகியோரின் நூல்கள் தொடர்ந்தன. 1990-களில் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் இலக்கியம் வலியைச் சொல்லும் மொழியைக் கொடுத்திருந்தது. இந்தத் தொகுதிகள் வலிக்கு முன்பு இருந்த வாழ்வைப் பற்றிப் பேசும் மொழியைக் கொடுத்தன.

மறக்கப்பட்ட மரபை மீட்ட இந்த முயற்சிக்கு உலகில் இணையாகச் சொல்லத்தக்கது கரீபியக் கடலில் உள்ள ஹைத்தி. அங்கே அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் 1791 ஆகஸ்டில் காட்டுக்குள் கூடி ஒரு வழிபாட்டில் சபதம் எடுத்துக் கிளர்ச்சியைத் தொடங்கியதாக அவர்கள் மரபு சொல்கிறது. 1804 ஜனவரி 1 அன்று அது சுதந்திர நாடானது. ஆனால் கிளர்ச்சிக்கு உரம் கொடுத்த வோடூ வழிபாட்டைப் படித்த ஹைத்தியர்களே வெட்கப்பட்டு ஒதுக்கினார்கள். அமெரிக்கப் படைகள் நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1928-ல், ழான் பிரைஸ்-மார்ஸ் என்ற மருத்துவர் கிராமத்துக் கதைகளையும் வோடூவையும் நாட்டின் உண்மையான செல்வம் என்று நூல் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபை 1941-42-ல் வோடூவை ஒழிக்க இயக்கம் நடத்தி, கோயில்களையும் பறைகளையும் அழித்தது. அது நடந்து இரண்டே ஆண்டில் தலைநகரில் திறக்கப்பட்ட ஓவிய மையத்தில், வோடூ பூசாரியான எக்தோர் இப்போலித் தன் தெய்வங்களை வரைந்து உலகப் புகழ் பெற்றார். 2003-ல் அரசு வோடூவை மதமாக ஏற்றது. ஹைத்தியின் மூதாதையர் போரில் வென்றவர்கள். செங்கல்பட்டின் மூதாதையருக்கு அப்படி ஒரு வெற்றி நாள் இல்லை. அவர்களுடைய எதிர்ப்பு உடைந்த சட்டியிலும் ஒளித்து வைத்த சுவடியிலும் இருந்தது. இருந்தாலும் அயோத்திதாசரும் பிரைஸ்-மார்ஸும் ஒரே வேலையைச் செய்தார்கள். இருவரும் வைத்தியர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

கலையில் இந்த நினைவின் பலன் சென்னையில்தான் அதிகம் தெரிகிறது. பறை அடிப்பது சாவு வீட்டுக்குரிய கட்டாய ஊழியமாக இருந்த காலத்தில், அதை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததே போராட்டமாக இருந்தது. அந்த மறுப்பைக் கடந்து, விரும்பி எடுக்கும் கலையாகப் பறை திரும்பி வந்தது. மணிமாறனும் மகிழினியும் நடத்தும் பறையிசைக் குழுவுக்குப் புத்தர் கலைக்குழு என்று பெயர். சாவு மேளம் என்று தள்ளப்பட்ட கருவிக்குப் புத்தர் பெயரைச் சூட்டியதில் அயோத்திதாசரின் வாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2018 ஜனவரியில் மேடையேற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு, ‘சாதியில்லாத் தமிழர்’ என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து பெயர் எடுத்தது. கானாவும் பறையும் ராப்பும் அதில் ஒன்றாக ஒலித்தன. அந்தக் குழுவிலிருந்து வந்த பாடகர் அறிவு 2021-ல் எழுதிப் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலுக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்க்கை ஊற்றாக இருந்தது. 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, சபாக்களின் மாதத்தில் பறைக்கும் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை கொடுத்தது. 2024-ல் வெளியான ‘தங்கலான்’ படம் வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குப் போன உழைப்பாளிகளின் கதைக்குள் மறைந்த புத்தரைத் தேடியது.

சமயமாகப் பூர்வ பௌத்தம் பெருகவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதிலும் தங்களைப் பௌத்தர் என்று பதிந்தவர்கள் சுமார் 11,000 பேர் மட்டுமே. ஆனால் அதன் தாக்கத்தை அந்த எண்ணால் அளப்பது தவறு. எவரும் மதம் மாறாமலேயே ஒரு தலைமுறையின் பாட்டும் படமும் எழுத்தும் அதன் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டன. அயோத்திதாசர் புத்தரைத் தேடியது கும்பிடுவதற்காக மட்டும் அல்ல. தாழ்ந்தவன் என்ற சொல்லுக்கு முன்னால் தான் யார் என்று அறிவதற்காக.

அவருடைய வைத்தியத்துக்குத் தாம்பரம் இடம் கொடுத்தது. பச்சைமலை அடிவாரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய காசநோய்ச் சானடோரியத்தால் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்தது. நோயாளிகளுக்குப் பழகிப்போன அந்தப் பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் 2005 செப்டம்பர் 3 அன்று திறந்து வைத்தார். அயோத்திதாசரின் வைத்தியத் திறனுக்குத் திரு.வி.க. சாட்சி. சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த தமக்கு அயோத்திதாசர் மருந்து கொடுத்து நடக்க வைத்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அவர் எழுதினார். ஓலையில் எழுதி, வாய்மொழியாகக் கைமாறி, பட்டம் இல்லாதவர்களின் வீட்டில் தங்கிய வைத்தியம் இன்று பட்டமேற்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அயோத்திதாசரின் சிலையும் மணிமண்டபமும் 2023 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்டன.

சிலைக்கும் பெயர்ப்பலகைக்கும் வெளியே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அயோத்திதாசர் வரலாறு எழுதப் பயன்படுத்திய சான்றுகள் பாட்டியின் கதை, பண்டிகைச் சடங்கு, வைத்தியக் கைப்பாகம், ஊர் எல்லையின் பெயர் ஆகியவைதான். தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்குள் வந்துவிட்ட பழைய ஊர்களிலும் வண்டலூருக்கு அப்பால் உள்ள கிராமங்களிலும் ஏரிக் காலத்தை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் ஒலிப்பதிவு செய்யும் கைபேசி இருக்கிறது. பாட்டியிடம் ஆடிக் கூழின் கதையைக் கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே பதிந்து வைக்க வேண்டும்.